பின் ஜன்னலில் ஒட்டிய குருவித் தட்டு

கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த மறுநாள் காலையில்தான், பக்கத்து வீட்டு அக்காவின் மதில்மேல் வந்து உட்காரும் கொண்டைக்குருவிக்கு வாலடியில் சிவப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அதுவரை அது மண் நிறக் குருவி என்றே நினைத்திருந்தேன். கன்னத்திலும் பொட்டு வைத்த மாதிரி ஒரு சிவப்பு. பால் பொங்கும்வரை ஜன்னலில் நின்று அதையே பார்த்தேன்.

எங்கள் வீடு குன்னூரில் ஒரு சரிவில் இருக்கிறது. அக்காவின் வீடு எங்களுடையதற்கு ஒரு படி கீழே. நடுவில் மண் சரியாமல் இருக்கக் கட்டிய கல் மதில். என் சமையலறையின் பின் ஜன்னலில் நின்றால் அந்த மதிலும் அவருடைய பின்வாசலும் தெரியும். முன்பக்கம் ரோடு. பஸ் ஸ்டாப்புக்குப் போகிறவர்கள் எல்லாரும் முன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போவார்கள். அதனால் நான் எப்போதும் பின்பக்கம்தான்.

என் வீட்டுக்காரர் இருந்தவரை பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்தார். நான் உள்ளே உட்கார்ந்து பருப்பும் பயறும் பொட்டலம் கட்டுவேன். ஆள் வந்தால் சாக்குக்குப் பின்னால் அசையாமல் நின்றுகொள்வேன். எனக்கு ஆட்களிடம் பேச வராது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன், அங்கேயும் டீச்சர் பேர் கூப்பிட்டால் எழுந்து நிற்பேனே தவிர வாய் திறந்ததில்லை. கடை மூடி வெகுநாள் ஆகியும் அக்கா என்னைக் கடைக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்.

அக்கா சிலோனிலிருந்து குமரிப் பெண்ணாக வந்தவர். இங்கே எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ரிடையர் ஆனவர். மழையில் படியில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தபிறகு கம்பி நடைவண்டியைப் பிடித்துத்தான் நடக்கிறார். மகன் லாரி ஓட்டுகிறார், மருமகள் ஃபேக்டரிக்குப் போகிறாள். அவர்கள் போனபிறகு அக்கா பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். எட்டும் தூரத்தில் மதிலின் தாழ்ந்த பக்கம் இருக்கிறது. அதில் ஒரு எனாமல் தட்டு. தட்டில் பழைய சோறோ வாழைப்பழமோ போட்டுக் கரண்டியால் தட்டின் விளிம்பில் அடிப்பார்.

“பெரட்டு! பெரட்டு! வாங்க எல்லாம்!”

எஸ்டேட்டில் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் எடுப்பதைச் சிலோன்காரர்கள் பெரட்டு என்பார்கள். அங்கே விடியுமுன்னே தப்பு மேளம் அடிப்பார்களாம், தப்புச் சத்தம் கேட்டுப் போய்ப் பேர் கொடுக்காவிட்டால் அன்றைக்கு வேலை இல்லையாம். அக்கா குருவிகளுக்கும் அதே சட்டம் வைத்திருந்தார். கொண்டை வைத்த குருவி தலைப்பாகை கட்டின கங்காணி. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட சின்னப் பச்சைக் குருவிகள் கூட்டமாக வரும், அவை கொழுந்துப் பிள்ளைகள். மஞ்சள் காலோடு மதிலில் நடந்து வரும் மைனா தொரை.

“தொர வந்தாச்சு, கங்காணியக் காணோம்! எங்க போய்த் தூங்குறான்?” என்று அவர் போடும் சத்தத்தில்தான் என் காலை தொடங்கும். அப்படியே எனக்கும் கதை சொல்வார். மருமகள் குழம்பில் உப்பு அள்ளிப் போட்டது, ரேஷன் கடையில் சண்டை போட்டது, எல்லாம் மதிலைத் தாண்டி வரும். நான் கண்ணாடிக்குப் பின்னால் நின்று தலையாட்டுவேன்.

“கேக்குதா இல்லையா? பொம்ம மாதிரி நிக்கிறீங்களே!” என்பார். நான் சிரிப்பேன். எனக்குப் பேச்சுத் துணை என்று இருந்தது அவர் ஒருவர்தான். பேச்சு முழுக்க அவருடையது.

கண் ஆபரேஷனுக்கு அழைத்துப் போன என் மகன் கோயம்புத்தூர் திரும்புமுன், “உங்களுக்கு ஏதாச்சும் வேணுமுங்களாம்மா?” என்று கேட்டான். வழக்கமாக ஒன்றும் வேண்டாம் என்பேன். அன்றைக்கு ஜன்னலில் நின்றிருந்தேன்.

“அந்தக் குருவியெல்லாம் கிட்டக்க வந்தா நல்லா இருக்குஞ் சாமி” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

மறுநாளே மீன் தொட்டியும் கிளிக்கூண்டும் விற்கிற கடைக்குக் கூட்டிப் போனான். கடைக்காரத் தம்பி மூன்று எடுத்துக் காட்டினார். ஒன்று ஓடு வேய்ந்த வீடு மாதிரி மரத்தில். ஒன்று தலைகீழாகத் தொங்குகிற பாட்டில். மூன்றாவது ஒரு சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாய், கூரையோடு, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில். முதுகில் குட்டிக் கிண்ணம் மாதிரி நான்கு ரப்பர் குப்பி, ஜன்னல் கண்ணாடியில் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும்.

“மரந்தானுங்கம்மா அழகு. எல்லாரும் அதைத்தான் வாங்கறாங்க” என்றார்.

நான் மகன் காதில் சொன்னேன்.

“பனியில ஊறிப் பூஞ்சை புடிச்சுருமுங்கறாங்க” என்றான் மகன்.

“அப்ப பாட்டில் எடுத்துக்கங்க.”

மறுபடியும் காதில் சொன்னேன்.

“கொரங்கு ஊஞ்சலாடீருமாமுங்க.”

கடைக்காரத் தம்பி சிரித்துவிட்டார். “ரெண்டு அடி தூரத்துல நிக்கறங்கம்மா. எனக்கே நேரா கேக்குதுங்க.”

எனக்கு முகம் சூடாகிவிட்டது. பிளாஸ்டிக் தட்டைக் கையில் எடுத்தேன். அடித்தட்டை உருவிக் கழுவலாம். மழைத் தண்ணீர் நிற்காமல் இறங்கச் சின்ன ஓட்டைகள் இருந்தன. விளிம்பு தாழ்வாக இருந்ததால் குருவி நின்றபடி உள்ளே பார்க்கலாம், நானும் குருவியைப் பார்க்கலாம். அதையே வாங்கினோம். அவர் கொடுத்த தானியப் பொட்டலத்தை மட்டும் வேண்டாம் என்று தலையாட்டினேன். பாதிக்குமேல் தூசி. நான் கட்டின பொட்டலமாக இருந்தால் அப்படி இருக்காது. தினையும் உடைத்த கம்பும் மளிகைக் கடையில் வாங்கிக்கொண்டேன்.

“முன்னாடி ஜன்னல்ல ஒட்டலாங்கம்மா. பெரிய கண்ணாடி, வெயிலும் வரும்” என்றான் மகன்.

“ரோட்டுல போறவீங்க எல்லாம் நின்னு பாப்பாங்க சாமி. பின்னாடியே இருக்கட்டும்.”

பின் ஜன்னலுக்கு நேர் எதிரே அக்காவின் தட்டு இருக்கிறதே என்று எனக்குத் தோன்றவில்லை. குருவி மலை முழுக்க இருக்கிறது என்று நினைத்தேன்.

ஒட்டினவுடன் விழுந்தது. மறுபடி ஒட்டினோம், மறுபடி விழுந்தது. சமையல் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஜன்னல் வழியாகப் போய்ப்போய்க் கண்ணாடியின் வெளிப்பக்கமும் வழவழவென்று இருந்தது. சீயக்காய்த் தூள் போட்டுத் தேய்த்துத் துடைத்தேன். ரப்பரும் குளிரில் விறைத்துப்போய் இருந்தது. குக்கர் கேஸ்கட் விறைத்தால் வெந்நீரில் போடுவோமே, அதே மாதிரி குப்பிகளை வெந்நீரில் ஊறவைத்து, துடைத்து, அழுத்தச் சொன்னேன். பிடித்துக்கொண்டது. மகன் தொங்கிப் பார்க்காத குறை.

இரட்டைக் கதவு ஜன்னல், உள்பக்கம் கம்பி. இடது கதவின் வெளிப்பக்கம் தட்டு. வலது கதவைத் திறந்து கம்பி வழியாகக் கையை விட்டால் தட்டு எட்டுகிறது, ஆனால் அடித்தட்டை உருவினால் கம்பி இடுக்கில் நுழையவில்லை. கடைசியில் நீளக் குழிக்கரண்டியில் தினையை எடுத்துக் கம்பி வழியாக நீட்டிக் கொட்டப் பழகினேன். கழுவுவதற்கு மட்டும் வெளியே போய்த் துவைக்கிற கல்மேல் ஏறி நிற்பேன்.

முதலில் ஒன்றும் வரவில்லை. வாழைப்பழத்தை வட்டமாக அரிந்து வைத்தபிறகு ஒரு கொழுந்துப் பிள்ளை வந்தது. அசையாமல் நின்றேன். அது எனக்கு நன்றாக வரும். என் மூக்குக்கும் அதற்கும் நடுவில் கண்ணாடிதான். கண்ணைச் சுற்றின வெள்ளை வளையம் கோலமாவில் இழுத்த மாதிரி அவ்வளவு சுத்தமாக இருந்தது. மறுநாள் கூட்டமே வந்தது. பிறகு கங்காணி வந்தது. அது சாப்பிடாமல் கண்ணாடியில் தெரிந்த தன்னையே கொத்திச் சண்டைக்கு நின்றது. துவைக்கிற சோப்பைத் தட்டைச் சுற்றிலும் வெளிப்பக்கம் இழுகிவிட்டேன். கண்ணாடி மங்கியதும் சண்டையை விட்டுப் பழத்தைத் தின்றது.

“என்னங்க கடைக்காரம்மா!” என்று கீழிருந்து சத்தம் வந்தது. “மறுபடியும் கட தொறந்திட்டீங்களாக்கும்! எங்க கங்காணி ஒங்க வூட்டுலதான் தேத்தண்ணி குடிக்கிறாராமே!”

எனக்குச் சிரிப்பு வந்தது. தலையாட்டினேன்.

பிறகொரு நாள், “மெத்த வூட்டுல தினை போட்டா யாரு லயத்துப் பக்கம் வருவா?” என்றார். மெத்த வூடு என்றால் மாடி வீடு, லயம் என்றால் எஸ்டேட் லைன் வீடு. அதற்கும் சிரித்தேன். அவர் சிரித்தாரா என்று பார்க்கவில்லை.

பிறகு வந்த காலைகளில் அவர் தட்டை வெகுநேரம் அடித்தார். பெரட்டு, பெரட்டு என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் ஜன்னலில் கொழுந்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. ஏன் விட்டேன் என்று யோசித்தால், தட்டுச் சத்தம் கேட்கவில்லை. நான் பாலை இறக்குவது அந்தச் சத்தத்தை வைத்துத்தான். எட்டிப் பார்த்தேன். மதில்மேல் தட்டில் சோறு மழையில் ஊறிப் பொதபொதவென்று கிடந்தது. ஓரமெல்லாம் எறும்பு. அக்கா நாற்காலியில்தான் இருந்தார், ஆனால் நாற்காலி திரும்பியிருந்தது. மதிலுக்கு முதுகு காட்டி, இருட்டான வீட்டுக்குள்ளே பார்த்து உட்கார்ந்திருந்தார். மறுநாளும் அப்படியேதான்.

ஏன் என்று எனக்கு ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் ஜன்னல் தட்டைக் கழுவிக் காலியாக விட்டேன். நான் போடாவிட்டால் குருவிகள் மதிலுக்குத் திரும்பிவிடும் என்று கணக்குப் போட்டேன். கங்காணி வந்து காலித் தட்டில் உட்கார்ந்து, என்னைப் பார்த்து, எச்சம் போட்டுவிட்டுப் போனது. போனது மதிலுக்கு அல்ல. கீழே பாழடைந்த தோட்டத்தில் ஒரு பேரிக்காய் மரம் காய்த்துக் கனிந்து நின்றது. எல்லாம் அங்கே போய்விட்டன. இப்போது என் ஜன்னலிலும் குருவி இல்லை, மதிலிலும் இல்லை. அக்கா என்னோடு பேசவும் இல்லை. வீட்டில் கடிகாரம் ஓடுவது கேட்டது.

அப்புறம் ஒரு மத்தியானம் அவரே கூப்பிட்டார்.

“கடைக்காரம்மா! ஒடம்புக்கு ஏலாதா? கட தொறக்கல்லன்னு மருமக சொன்னாளே!”

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இல்லை என்று தலையாட்டினேன்.

“ஏலாதுன்னா சொல்லுங்க! மருமகள வரச் சொல்றேன், கஞ்சி வச்சுத் தருவா!”

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. துவைக்கிற கல்மேல் ஏறித் தட்டைப் பிடுங்கி, துணிப்பையில் போட்டுக்கொண்டு, ரோட்டு வழியாகச் சுற்றிப் படியிறங்கி அவர் பின்வாசலுக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் அவர் மகன் கல்யாணத்துக்கும், அவர் விழுந்தபோதும்தான் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

“யாரு?” என்றார். நான் வாசலில்தான் நின்றிருந்தேன்.

“நானுங்கக்கா.”

“கடைக்காரம்மாவா! நடந்து வாறீங்களே, அப்ப நல்லாத்தானே இருக்கீங்க? பையில என்னா?”

தட்டை எடுத்து அவர் மடியில் வைத்தேன். “உங்களுக்கே இருக்கட்டுமுங்கக்கா.”

அவர் அதைத் தடவிப் பார்த்தார். “எனக்கு எதுக்கு? நான் கேட்டேனா?”

“உங்க குருவியெல்லாம் எங்கூட்டுக்கு வந்துருச்சுங்க. இப்படி ஆகும்னு தெரியலீங்க.”

“எங் குருவியா? அதுங்க முதுகுல எம் பேரு எழுதியிருக்கா? பெரட்டுக்கு வராததுங்க எனக்கு வேணாம். பேரு வெட்டியாச்சு.” பேச்சு கடுமையாக இருந்தது, ஆனால் விரல் தட்டின் கூரையைத் தடவிக்கொண்டே இருந்தது. பிறகு, “கங்காணிக்கு வாலுக்கடியில செவப்பு இருக்குமே, அது ஒங்களுக்கு இப்ப தெரியுதா?” என்றார்.

“நல்லாத் தெரியுதுங்க.”

“எனக்கும் புரைதான். இடுப்பு சரியானாத்தான் கண்ணுக்குப் பண்ணுவாங்களாம். மதில்ல வந்தா ஆளு வந்திருக்குன்னு தெரியும், சத்தத்த வச்சு யாருன்னும் சொல்லிருவேன். ஒங்க ஜன்னல் எனக்கு வெறும் பொக. அங்க போனதுங்க எனக்குச் செத்த மாதிரிதான்.”

நான் மதிலுக்கு அந்தப் பக்கம் ஜன்னலில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்ததெல்லாம் அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று அப்போதுதான் நினைத்தேன். என் சத்தம் வராததால்தான் பொம்மை என்று சொல்லியிருக்கிறார்.

“அப்ப உங்க ஜன்னல்லயே ஒட்டீரலாமுங்கக்கா” என்றேன்.

“ஒட்டுங்க பாப்போம்!”

அவர் வீட்டுப் பின் ஜன்னலில் கண்ணாடியே இல்லை. பழைய பலகைக் கதவு. அழுத்தினேன், விழுந்தது. பெயிண்ட் அடித்த வாசல் கதவில் அழுத்தினேன், கையை எடுத்ததும் விழுந்தது. சிமெண்ட் சுவர், தண்ணீர் டிரம், எங்கும் நிற்கவில்லை. ஒவ்வொரு முறை விழும் சத்தத்துக்கும் அக்கா சிரித்தார். கடைசியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “போதும், போதும்! சிரிச்சா வலிக்குது. ஒங்க சாமானுக்கு எங்க வூடு புடிக்கல்ல” என்றார்.

பிறகு தேத்தண்ணி போடச் சொன்னார். நான்தான் அடுப்பைப் பற்றவைத்தேன். எந்த டப்பாவில் என்ன என்று நாற்காலியிலிருந்தே சொன்னார், சர்க்கரை போதவில்லை என்று திருப்பியும் அனுப்பினார். குடித்து முடித்தபிறகு டம்ளரை வைத்துவிட்டுப் பேசினார்.

“நீங்க கட வச்சிருந்தவங்க, ஒங்களுக்குத் தெரியாது. இன்னிக்கு ஒரு மலையில கொழுந்து எடுத்தா நாளைக்கு அங்க போகக்கூடாது, அடுத்த மலைக்குப் போகணும். இது துளிர்க்கும்போது அதப் பறிக்கணும். ரவுண்டு. தெனம் ஒரே மலையில நின்னா செடியும் போச்சு, ஆளுக்கும் கொழுந்து இல்ல. வெளங்குதா?”

“வெளங்குதுங்க.”

“காலையில என் மல. பெரட்டு முடிஞ்சு, அதுங்க தின்னு முடிச்சு, நான் ரெண்டாந் தரம் தட்டு அடிப்பேன். அதுக்கப்புறந்தான் ஒங்க மல. அதுவரைக்கும் ஒரு தினை விழக்கூடாது.”

நான் தலையாட்டினேன்.

“தலையாட்டுறீங்களா? எனக்குத் தெரியாது. நான் ரெண்டாந் தரம் அடிக்கும்போது நீங்க பேரு கொடுக்கணும். சத்தமா. இல்லாட்டி ஒங்களுக்குக் கேட்டிச்சான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?”

“கையை ஆட்டறனுங்கக்கா.”

“எந்தக் கைய? பொகைக்குள்ள ஆட்டுற கையையா?”

தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். குப்பிகளை மறுபடி வெந்நீரில் போட்டு நானே ஒட்டினேன்.

மறுநாள் காலையில் தட்டுச் சத்தம் கேட்டது. பாலைச் சரியாக இறக்கினேன். ஒரு குருவியும் வரவில்லை. அக்கா நாற்காலியை மதில் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார், கங்காணியின் வம்சத்தையே திட்டிக்கொண்டிருந்தார். ரெண்டாந் தரம் அடிக்கவே இல்லை. அடுத்த நாளும் அப்படித்தான். பேரிக்காய் மரத்தில் இன்னும் பழம் இருந்தது. எனக்குக் கவலையாக இருந்தது. குருவிகள் திரும்பாவிட்டால் அவர் நாற்காலியை மறுபடி திருப்பிவிடுவார் என்று தோன்றியது. என் தட்டைக் காலியாகவே வைத்திருந்தேன். தினை டப்பாவைக் கண்ணில் படாமல் மேல் பலகையில் ஏற்றிவிட்டேன்.

பிறகு நல்ல காற்று மழை பெய்து மரத்தில் மிச்சமிருந்ததெல்லாம் உதிர்ந்தது. மழை விட்ட காலையில் தட்டு அடித்ததும் முதலில் தொரை வந்தது. ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு ஒரு வாய் எடுத்தது. பிறகு கொழுந்துப் பிள்ளைகள் சலசலவென்று இறங்கின. கடைசியில் கங்காணி.

“வந்தியா? வந்தியாடா? பேரு வெட்டினப்புறம் எதுக்குடா வாற?” என்று அக்கா திட்டினார். திட்டிக்கொண்டே வாழைப்பழத்தைக் கிள்ளிக் கிள்ளித் தட்டில் போட்டார். நான் அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலில் நின்றேன். என் தட்டுக்கு வந்தால் ஒன்றிரண்டாகத்தான் வரும். அங்கே மதில்மேல் ஒன்றாக எல்லாமும் இருந்தன.

அவை தின்று முடிக்கும்வரை அவர் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கரண்டியை எடுத்து ரெண்டாந் தரம் அடித்தார்.

“கடைக்காரம்மா!”

வலது கதவைத் திறந்தேன். “வந்துட்டனுங்க” என்றேன். அந்தச் சத்தம் கம்பியைக்கூடத் தாண்டியிருக்காது.

“கேக்கல்ல! கேக்காட்டி பேரு இல்ல!”

மேல் வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் நின்று பார்த்தாள். நான் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“வந்துட்டனுங்கக்கா!”

என் சத்தத்துக்கு மதிலிலிருந்த குருவிகள் எல்லாம் ஒரேயடியாக எழும்பின. எனக்கே திக்கென்றது.

“ஓடிருச்சா? எல்லாம் ஓடிருச்சா?” என்று அக்கா கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்.

“கங்காணி இங்க உக்காந்திருக்குதுங்க! எந் தட்டுலதானுங்க! கொண்டையத் தூக்கிட்டுப் பாக்குதுங்க!” ஜன்னலில் நின்று நான் கத்திச் சொன்னேன். “வாலடி செவப்பு நல்லாத் தெரியுதுங்கக்கா!”

“இப்பத்தானே தின்னான், திருட்டுப் பய!” என்றார். குரலில் கோபமே இல்லை. “சரி, ஒங்க மலதான். போடுங்க, போடுங்க.”

மேல் பலகையிலிருந்து டப்பாவை இறக்கி, குழிக்கரண்டி நிறையத் தினையெடுத்து, கம்பி வழியாக நீட்டினேன்.